கினிப்பன்றிக்குத் தயிர் சாதம் ஆகாது

கால்நடை மருத்துவத்தில் நாய் டாக்டருக்கு ஒரு மரியாதை உண்டு, மாட்டு டாக்டருக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டு, கினிப்பன்றிக்கு மருந்து எழுதுகிறவளைப் பார்த்து மட்டும் எல்லோரும், "இதுக்குமா டாக்டர்?" என்பார்கள்.

நான் அந்த மூன்றாவது வகை. சென்னையில் படித்து முடித்துக் கல்யாணமாகி, கணவருடைய மத்திய அரசு வேலையோடு ஹைதராபாத் வந்து சேர்ந்தேன். சைனிக்புரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு பெயர்ப்பலகையோடு கிளினிக் ஆரம்பித்தேன். உதவிக்கு யாதம்மா என்று நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர். நாய்களும் பூனைகளும் வரத்தான் செய்தன. ஆனால் அந்த வருஷங்களில்தான் ஊரின் மறுகோடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக எழும்பின. கூடவே அடுக்குமாடிகளும், அடுக்குமாடியில் நாய் வளர்க்கக் கூடாது என்ற விதியும். குழந்தை அழும். அப்பா ஆபீஸிலிருந்து வரும் வழியில் அட்டைப்பெட்டியில் ஒரு கினிப்பன்றியை வாங்கி வந்துவிடுவார். பார்க்க வாலில்லாத முயல்குட்டி மாதிரி இருக்கும். அதற்கு என்ன போடுவது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, அது 'வீக் வீக்' என்று கத்தும்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து விழித்தவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

குண்டு நடக்கவில்லை

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சரோஜா அம்மாள் வந்தார். திருச்சிக்காரர், கணவர் ரயில்வேயில் கார்டு. ஒயர்கூடையில் துண்டு போட்டு, அதன் மேல் வெள்ளையும் பழுப்புமாக ஒரு கினிப்பன்றி. பெயர் குண்டு. இரண்டு நாளாக நடக்கவில்லை, தூக்கினால் அழுகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். பின்னங்கால் மூட்டு இரண்டும் வீங்கியிருந்தன. ரோமம் சிலிர்த்துக் கிடந்தது.

"என்ன சாப்பிடுது?"

"காலையில தயிர் சாதம் டாக்டரம்மா. மத்தியானம் பருப்பு சாதம், நெய் விட்டு. சாயங்காலம் ரெண்டு மேரி பிஸ்கட். ராத்திரி மறுபடி தயிர் சாதம். ஒரு வேளை தவறினது கிடையாது."

"புல்லு, கீரை, காய்?"

"ஐயோ பாவம், பச்சையா எப்படிப் போடறது?"

விஷயம் இதுதான். மற்ற மிருகங்கள் பலவும் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மாலும் முடியாது, கினிப்பன்றியாலும் முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. சில வாரம் வராவிட்டால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் வரும், அப்புறம் மோசமாகிவிடும். குண்டுக்கு அதுதான் வந்திருந்தது. வைட்டமின் சி சொட்டு மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் விடச் சொன்னேன். தண்ணீரில் கலக்க வேண்டாம், கலந்தால் சத்து போய்விடும். நாள் முழுக்கப் புல், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், எப்போதாவது சின்னதாய்க் கொய்யா. தயிர் சாதம் கூடவே கூடாது என்றதும் சரோஜா அம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஏதோ நான் பிள்ளையைப் பட்டினி போடச் சொன்ன மாதிரி.

பத்து நாள் கழித்து அதே கூடையில் குண்டு வந்தது. மேஜையில் விட்டதும் ஓரம் வரைக்கும் ஓடியது. யாதம்மா கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். சரோஜா அம்மாளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஒரு குறை. என்ன என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா குடைமிளகாய் வாசனையே ஆகாதுன்னு தட்டுல ஒதுக்கி வெப்பார் டாக்டரம்மா. இப்ப இதுக்குன்னு அவரே போய்ப் பொறுக்கி எடுத்துட்டு வரார்."

தினம் ஒரு மெனு

கொண்டாப்பூரிலிருந்து செந்தில் என்ற இளைஞர், கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை, மனைவியோடு வந்தார். அவ்வளவு தூரம் பைக்கில், நடுவில் கூண்டை வைத்துக்கொண்டு. ஆறு வாரக் குட்டி. நான்கு நாளாக வயிற்றுப்போக்கு.

என்ன போடுகிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்பே ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். எக்செல் ஷீட். திங்கள் கோஸ், கேரட். செவ்வாய் வெள்ளரி, ஆப்பிள். புதன் கீரை, ஓட்ஸ். வியாழன் வேறு பிராண்ட் தீவனம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர். இன்டர்நெட்டில் படித்து, எல்லாச் சத்தும் சேர வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்ததாம். எந்தக் காயிலும் பெரிய தப்பு இல்லை. பிரச்சினை, எல்லாமே ஒரே வாரத்தில் வந்ததுதான். கினிப்பன்றியின் குடலுக்குள் புல்லைச் செரிக்கவைக்கும் கிருமிகள் ஒரு கூட்டமாகக் குடியிருக்கின்றன. சாப்பாட்டைத் திடீர் திடீரென்று மாற்றினால் அவை குழம்பிப்போகும், குட்டியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளைக்குக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும். அப்புறம் பழைய தீவனம். அப்புறம் கொத்தமல்லி மட்டும். அது ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் இன்னொரு காய், அதுவும் நுனிவிரல் அளவு. செந்தில் அதை இரண்டு தடவை படித்தார். மனைவி அவர் முதுகில் தட்டினார். குட்டி பிழைத்துக்கொண்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டிருக்கற சாஃப்ட்வேர்ல ஒரே வாரத்துல ஏழு சேஞ்ச் போட்டா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க டாக்டர். வயித்துக்கு எப்படிங்க போட்டேன்?"

காஜர் நக்கோ

எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் யூசுஃப் பாய். கேரட்டை இலையோடு கொண்டுவந்து, கேட்கிறவர்களுக்கு இலையைத் திருகி எறிந்துவிட்டு எடை போடுவார். நான் வருகிறவர்களிடமெல்லாம், "கேரட்டில் இனிப்பு அதிகம், வாரத்துக்கு ஒரு வில்லை போதும், இலையைப் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கம்பக்கத்தில் ஆறேழு வீட்டில் கினிப்பன்றி. ஒருநாள் வண்டியை என் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வியாபாரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்கிற மாதிரி கையை விரித்தார். எல்லோரும் கேரட் வேண்டாம், இலைதான் வேண்டும் என்கிறார்களாம், ஏன் என்று ஹைதராபாத் உருதுவில் கேட்டார்.

"லோகாங் காஜர் நக்கோ போல்ரே, பத்தே ஹோனா போல்ரே. கைக்கு டாக்டர் சாப்?"

முக்கால் கிலோ எருமை

அல்வாலில் கவிதா இருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கணவரைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. மகள் அனன்யா இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. கடைக்காரர் சத்தியம் செய்து இரண்டும் ஆண் என்று விற்ற ஜோடியை எடைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்று ஐநூறு கிராம். இன்னொன்று முக்கால் கிலோ, உருளைக்கிழங்கு மாதிரி. வயிற்றைத் தடவினேன். உள்ளே ஏதோ உதைத்தது.

"இது அம்மாவாகப் போகுது" என்றேன். தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிற அனன்யா, "பட் ஹீ ஈஸ் ராஜு" என்றாள்.

சினையாக இருக்கிற கினிப்பன்றிக்கு வைட்டமின் சி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும், சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கூடுதலாக வேண்டும். சாதாரணப் புல்லோடு, மாடுகளுக்குப் போடுகிற குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் சேர்க்க வேண்டும். அதை எங்கே வாங்குவது? பெட்டிகளில் அடைத்த வெளிநாட்டுப் புல் அப்போதெல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. எருமைக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும், இங்கே அதைத் தபேலா என்பார்கள். அல்வாலில் எனக்குத் தெரிந்த தபேலா ஒன்று இருந்தது. ஸ்கூட்டரில் கவிதாவை ஏற்றிக்கொண்டு நானே போனேன். உரிமையாளர் மல்லேஷ் கட்டுக்கட்டாகப் பச்சைக் குதிரை மசாலை வெட்டிக்கொண்டிருந்தார். எத்தனை எருமைக்கு என்று தெலுங்கில் கேட்டார். ஒன்றுக்குத்தான் என்றேன். எவ்வளவு பெரிசு என்றார். கவிதா கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். மல்லேஷ் அரிவாளைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் அலசி, வெயிலில் உதறி, வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். தினமும் வந்து இளசாக வாங்கிப் போகச் சொன்னார். கிளம்பும்போது பின்னாலிருந்து அவர் சொன்னது:

"ஈனின பிறகு எத்தனை லிட்டர் கறக்குதுன்னு மட்டும் வந்து சொல்லுங்க மேடம்."

பக்கத்துக் கூண்டு

அதே ராஜுவின் கதைதான். பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலையில் கவிதாவின் போன். நேற்று மதியத்திலிருந்து ஒன்றும் தொடவில்லை, மசாலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. நிறைசூலியாக இருக்கிற கினிப்பன்றி ஒருநாள் பட்டினி கிடந்தாலே உடம்பில் விஷம் ஏறிவிடும். இரண்டு நாளில் தாயும் போகும், குட்டிகளும் போகும். யாதம்மாவைக் கிளினிக்கில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

கண்ணெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிரசவம் ஆனதுமே ஆண் மறுபடி சேர்ந்துவிடும், பிரித்து வையுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு ஆணை நேற்றுக் காலை பால்கனிக்கு மாற்றியிருந்தார்கள். நடுவில் இரண்டு அறை, ஒரு கதவு. கூடவே இருந்த துணையைத் திடீரென்று பிரித்தால் கினிப்பன்றிக்குச் சோறு இறங்காது. அதை நான் சொல்ல மறந்திருந்தேன். பால்கனிக் கூண்டைக் கொண்டுவந்து இந்தக் கூண்டோடு ஒட்டி வைத்தோம், நடுவில் கம்பிவலை மட்டும். இரண்டும் வலையருகே மூக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முணுமுணுத்தன. அனன்யா வலையோரமாகக் கொத்தமல்லியை நீட்டினாள். ராஜு ஒரு இலையைக் கடித்தது. பிறகு இன்னொன்று. கவிதா சோபாவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டார்.

சரியான நாளில் மூன்று குட்டிகள். கினிப்பன்றிக் குட்டி பிறக்கும்போதே ரோமம், பல், திறந்த கண் எல்லாவற்றோடும்தான் வரும். மூன்று வாரம் தாய்ப்பால் குடிக்கும் என்றாலும், முதல் நாளே அம்மாவின் பக்கத்தில் நின்று புல்லையும் கொறிக்கும். நான் பார்க்கப் போனபோது மூன்றும் வரிசையாக நின்று மசாலை மென்றுகொண்டிருந்தன. கவிதா கையில் கிண்ணமும் ஸ்பூனுமாக மகனைத் துரத்திக்கொண்டிருந்தவர், நின்று அதைப் பார்த்தார்.

"பிறந்து ஆறு மணி நேரம்தான் ஆகுது டாக்டர், தானா சாப்பிடுதுங்க. இவனுக்கு மூணு வயசு, நான் இன்னும் ஓடிட்டே இருக்கேன்."

ரேஷன்

சைனிக்புரி என்றாலே முன்னாள் ராணுவத்தினர் காலனி. எங்கள் தெருக்கோடியில் சுபேதார் ஏகாம்பரம், வேலூர் பக்கத்துக்காரர். பேரன் ஒரு கோடை விடுமுறையில் விட்டுப்போன கினிப்பன்றியை அவர்தான் பார்த்துக்கொண்டார். கூண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருநாள் கொண்டுவந்தார். வாயிலிருந்து எச்சில் வடிகிறது, சாப்பாட்டுப் பக்கம் போகிறது, வாயில் எடுக்கிறது, கீழே போடுகிறது.

வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் வளர்ந்து நாக்கின் மேல் வளைந்துவிட்டன. கினிப்பன்றியின் பல் ஆயுள் முழுக்க வளரும். நார்ப்புல்லை நாள் முழுக்க மென்றால்தான் தேயும். இவர் என்ன போடுகிறார் என்று கேட்டேன். ஏழு மணிக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை, ஏழு மணிக்கு ஒரு முறை. தீவனம் இரண்டு ஸ்பூன், புல் பத்து இழை, எண்ணி. மிச்சம் வைத்தால் உடனே எடுத்துவிடுவார், சுத்தத்துக்காக.

லேசாக மயக்கம் கொடுத்துப் பல்லை ராவினேன். நான்கு நாள் தீவனத்தைக் கூழாகக் கரைத்து வாயில் புகட்ட வேண்டியிருந்தது. அதை அவர் நேரம் தவறாமல் செய்தார். பிறகு சொன்னேன்: தீவனத்துக்கு அளவு வைத்துக்கொள்ளுங்கள் சார், ஆனால் காய்ந்த புல்லுக்கு நேரமும் கிடையாது, அளவும் கிடையாது, எப்போது பார்த்தாலும் கூண்டில் இருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, இருபத்திநாலு மணி நேரமும் மெஸ் திறந்து வெச்ச யூனிட் ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல மேடம்."

எப்போது நிறுத்துவது

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அது சரியில்லை.

ஜெபராஜ் நாகர்கோவில்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டர், தனியாக ஓர் அறையில் இருந்தார். இந்த ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஒரு கினிப்பன்றிக் குட்டி வாங்கியிருந்தார், பெயர் டப்பு. முதல் தடவை வந்தபோது குதிரை மசால் போடச் சொன்னேன். வளரும் குட்டிக்கு எலும்புக்கு நல்லது. சொன்னபடி கேட்கிற ஆள். வாரா வாரம் மல்லேஷின் தபேலாவுக்குப் போய் வாங்கிக் காயவைத்து, பையில் கட்டி வைத்துப் போட்டார். டப்பு நன்றாக வளர்ந்தது. அதனால் கிளினிக் பக்கம் வர வேண்டிய வேலை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்தார். சிறுநீரில் ரத்தம், போகும்போதெல்லாம் டப்பு கத்துகிறது. அடிவயிற்றில் விரல் வைத்ததுமே கல் தட்டுப்பட்டது. குட்டிக்குத் தேவைப்படுகிற சுண்ணாம்புச் சத்து, ஆறு மாதத்துக்குப் பிறகு தேவையில்லை. அதற்குப் பின்னும் மசாலையே போட்டால் மிச்சமெல்லாம் மூத்திரப்பையில் சேர்ந்து கல்லாக வாய்ப்பு அதிகம். "எவ்வளவு நாளா மசால் போடறீங்க?" என்று கேட்டேன். "நீங்க சொன்னதுல இருந்து, டாக்டர்" என்றார். பெரியதானதும் சாதாரணப் புல்லுக்கு மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. குட்டி இருக்கிறவர்களிடம் குட்டியைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செய்தேன். யாதம்மா பிடித்துக்கொண்டார். மொச்சைக்கொட்டை அளவு கல்லை எடுத்தும்விட்டேன். ஆனால் அவ்வளவு சின்ன உடம்பு மயக்கத்திலிருந்து மீளவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெபராஜிடம் நானே போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. அவர் தலையை ஆட்டினார். துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து, பாதி தீர்ந்த மசால் பையோடு வந்து மேஜை மேல் வைத்தார்.

"குட்டி வெச்சிருக்கவங்க யாருக்காவது கொடுங்க டாக்டர். எப்ப நிறுத்தணும்னும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க."

பலகை

அதன் பிறகு கிளினிக் சுவரில் ஒரு பலகை மாட்டினேன். குட்டி: மசாலும் புல்லும். ஆறு மாதத்துக்கு மேல்: புல் எப்போதும், தீவனம் ஒரு ஸ்பூன், காய் ஒரு கைப்பிடி, மசால் நிறுத்தவும். சினை, பாலூட்டுவது: மறுபடி மசால், வைட்டமின் சி இரண்டு மடங்கு. தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தேன். பெரிய வேலை முடித்த மாதிரி இருந்தது.

பொதுத்துறை நிறுவனத்தில் ஓய்வு பெற்ற ராமநாதன் ஒருநாள் அந்தப் பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். "வயசானதுக்கு ஒண்ணும் போடலையே டாக்டர்?" என்றார். அவர் மடியில் மிட்டு, ஏழு வயது. கினிப்பன்றிக்கு அது எழுபது மாதிரி. மகன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. மகன் வேலை கிடைத்து அமெரிக்கா போய்விட்டான், மிட்டு இங்கேயே இருந்துவிட்டது. முதுகெலும்பு கையில் தட்டியது. எடை பார்த்தால் போன தடவையைவிட நூற்றைம்பது கிராம் குறைவு. பல் பலவீனம், மெல்ல முடியவில்லை.

வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைக்கச் சொன்னேன். தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அதில் பொடியாக நறுக்கிய புல்லும் கொத்தமல்லியும். மெலிந்துபோன கிழத்துக்குக் கொஞ்சம் மசாலும் சேர்க்கலாம், சிறுநீரைக் கவனித்துக்கொண்டு. சொட்டு மருந்து தினமும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அன்றைக்கே பலகையில் நான்காவது வரியை எழுதினேன். அடுத்த மாதம் மிட்டு அறுபது கிராம் ஏறியிருந்தது. மடியில் துண்டு விரித்து, ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் புகட்டுகிறாராம். இவ்வளவு பொறுமையாகச் செய்கிறீர்களே சார், உங்களுக்கு மிட்டு மேல் அவ்வளவு பிரியமா என்று கேட்டேன். மிட்டுவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பையன் ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான் டாக்டர், அதுல எட்டு நிமிஷம் மிட்டுவைப் பத்தித்தான். இது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சாப்பாட்டு அட்டவணை எழுதிக்கொடுத்த நான் இன்றுவரை வீட்டில் ஒரு கினிப்பன்றி வளர்க்கவில்லை என்பதிலிருந்தே, அது எவ்வளவு சுலபமான வேலை என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.